பில்லி ஐலிஷ்: மூன்றாவது ஆல்பத்தில் தொடங்கலாம்

பில்லி ஐலிஷ் என்ற பெயர் தெரிந்தவர்கள் ஏராளம். உச்சந்தலையில் பளீர்ப் பச்சை, கீழே கறுப்பு என்று சாயம் பூசிய கூந்தல், தொளதொள சட்டை, கிராமி மேடை, ஆஸ்கர் மேடை என்று செய்திப் படங்களில் அவரைப் பார்க்காதவர்கள் குறைவு. ரீல்ஸ் புரட்டும் பிள்ளைகள் உள்ள வீட்டில் 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' பாட்டின் இருபது விநாடியாவது ஒலித்திருக்கும். ஆனால் அவருடைய ஆல்பம் ஒன்றை முதல் பாட்டில் தொடங்கிக் கடைசிப் பாட்டுவரை கேட்டவர்கள், அதிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சிலராகத்தான் இருப்பார்கள். பெயர் முதலில், படம் அடுத்து, சர்ச்சை அதற்கடுத்து, பாட்டு கடைசியில் வந்து சேர்வது இன்றைய பாப் நட்சத்திரங்களின் தலையெழுத்து. பில்லி விஷயத்தில் இந்த வரிசை பெரிய அநியாயம்.

புதிதாகக் கேட்க வருகிறவருக்கு எல்லோரும் கைகாட்டும் பாட்டு 'பேட் கை'. 2019 ஆகஸ்டில், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்த 'ஓல்டு டவுன் ரோடு' பாட்டை இறக்கிவிட்டு முதலிடம் பிடித்த பாட்டு அது. இந்த நூற்றாண்டில் பிறந்த ஒருவர் அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போனது அதுவே முதல் முறை. பெருமை பெரிதுதான். என்றாலும் அந்தப் பாட்டில் தொடங்குவது புதியவருக்கு நல்லதல்ல. பாதிச் சொல்லை விழுங்கி, அலட்சியமும் கிண்டலும் கலந்து, கிசுகிசுவென்று பாடும் பெண்ணைக் கேட்டதும், பாட்டுப் பயிற்சி இல்லாத யாரோ கணினியை வைத்துச் சமாளிக்கிறார் என்று தோன்றிவிடும். அப்படித் தோன்றிய பிறகு இரண்டாவது பாட்டுக்குப் போகிறவர்கள் குறைவு.

அதற்கு ஒரு மாற்று உண்டு. 2024இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் தொடங்கி, 2021, 2019 என்று பின்னோக்கிப் போய், அவர் 13 வயதில் பாடிய பாட்டில் முடிப்பது. அந்தக் குரல் எவ்வளவு உயரம் எட்டும் என்று முதலில் தெரிந்துகொண்டால்தான், இத்தனை காலம் அதை ஏன் அடக்கியே வைத்திருந்தார் என்ற கேள்வி பிறக்கும். பில்லியின் இசையைப் பற்றிக் கேட்கத் தகுந்த முதல் கேள்வியும் அதுதான்.

மூன்றாவது ஆல்பமான 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' 2024 மே 17 அன்று வெளியானது. பத்தே பாட்டு, 44 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வழக்கமாக ஒரு பாப் ஆல்பம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே இரண்டு மூன்று பாட்டுகளைத் தனியாக வெளியிட்டுச் சூடேற்றுவார்கள். பில்லி எதையும் முன்கூட்டி விடவில்லை. முழு ஆல்பமும் ஒரே நாளில் மொத்தமாக வந்தது. அதை முழுதாகக் கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம், ஆல்பமும் அப்படிக் கேட்பதற்கென்றே கட்டப்பட்டிருக்கிறது. முதல் பாட்டு 'ஸ்கின்னி' மெல்லிய கிதாரும் உச்சிக்குரலுமாகத் தொடங்கி, அட்டாக்கா குவார்டெட் குழுவின் வயலின், வியோலா, செல்லோ இசையில் முடிகிறது. கடைசிப் பாட்டு 'ப்ளூ', கிடப்பில் கிடந்த இரண்டு பழைய பாட்டுகளை ஒட்டி உருவானது. நடுவில் வந்துபோன பாட்டுகளின் சாயல்கள் அதில் திரும்பத் தலைகாட்டும். வரிசையை மாற்றிக் கேட்டால் அந்தச் சாயல்கள் எதுவும் பிடிபடாது. செயலிகளில் 'ஷஃபிள்' பொத்தானை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டிய ஆல்பம்.

இதில் 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' எல்லோருக்கும் பிடித்துப்போனதற்குக் காரணம் எளிது. கேட்ட மாத்திரத்தில் முணுமுணுக்க வரும் மெட்டு, 1980களின் பாப் வாசம் வீசும் கீபோர்டு. ஆனால் கவனிக்க வேண்டியது பாட்டின் கடைசி நிமிடம். தன் வாழ்நாளில் அதுவரை எட்டாத உச்சத்தில் அங்கேதான் குரலைத் திறந்து பாடியதாக அவரே சொல்லியிருக்கிறார். அதே ஆல்பத்தில் 'தி கிரேட்டஸ்ட்' என்ற பாட்டு இன்னும் துணிச்சலானது. தன் அன்பைக் கண்டுகொள்ளாத ஒருவருக்காகப் பொறுத்துப் பொறுத்துப் போன பெண் பேசுகிறாள். இரண்டு நிமிடத்துக்கு மேல் அடங்கிய குரலும் கிதாரும் மட்டும். பிறகு டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாரும் சேர்ந்து புகுந்து, குரல் அவற்றையும் மிஞ்சி எழுகிறது. தொண்டை நரம்பு புடைக்கப் பாடும் பாட்டு என்று நம்மூரில் சொல்வார்களே, அந்த ரகம். 'இவருக்குப் பாடத் தெரியாது, முனகத்தான் தெரியும்' என்று சொல்லிவந்தவர்களுக்கு இந்த ஒரு பாட்டு போதும்.

மற்ற பாட்டுகளும் சளைத்தவை அல்ல. 'சிஹிரோ', ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' அனிமேஷன் படத்தின் சிறுமி பெயரைத் தாங்கியது. பேஸ் கிதார் மெல்ல ஊர்ந்துபோய், பாட்டு நடன அரங்கில் போய் நிற்கும். 'லன்ச்' பெண்மீது பெண்ணுக்குள்ள ஈர்ப்பைக் கூச்சமில்லாமல் பாடுகிறது. 'தி டைனர்' ஒரு பிரபலத்தைப் பின்தொடர்ந்து தொல்லை தரும் ஆளின் வாயாலேயே பாடப்படுகிறது. பில்லியே அப்படிப்பட்ட ஆட்களால் நீதிமன்றப் படி ஏறியவர் என்று தெரிந்து கேட்டால் முதுகு சில்லிடும். 'லாமூர் த மா வீ' பழைய பாரிஸ் விடுதிப் பாட்டுபோலத் தொடங்கி, பாதியில் சொல்லாமல் கொள்ளாமல் தடதடவென்று எலெக்ட்ரானிக் நடனப் பாட்டாக மாறிவிடும். முதல் தடவை கேட்கிறவர் வேறு பாட்டு வந்துவிட்டதோ என்று கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார்.

இங்கிருந்து பின்னோக்கிப் போகும் வழியில் இரண்டு சினிமாப் பாட்டுகள் நிற்கின்றன. ஒன்று, 2023இல் வந்த 'பார்பி' படத்துக்கான 'வாட் வாஸ் ஐ மேட் ஃபார்?' இயக்குநர் கிரெட்டா கெர்விக் படத்தின் சில காட்சிகளைப் போட்டுக் காட்ட, பாட்டே எழுத வராமல் தவித்துக்கொண்டிருந்த பில்லியும் அண்ணன் ஃபினியஸும் மளமளவென்று எழுதியது. பொம்மையைப் பற்றி எழுதுவதாக நினைத்துத் தன்னைப் பற்றியே எழுதியிருப்பது பிறகுதான் தெரிந்தது என்று பில்லி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னொன்று, 2020 பிப்ரவரியில் வந்த ஜேம்ஸ் பாண்ட் பாட்டு 'நோ டைம் டு டை'. அப்போது வயது 18. பாண்ட் படங்களின் தலைப்புப் பாட்டை எழுதிப் பாடியவர்களில் அவரே இளையவர். ஆர்க்கெஸ்ட்ராவை ஹான்ஸ் ஸிம்மர் கவனித்துக்கொள்ள, கிதார் வாசித்தவர் 'தி ஸ்மித்ஸ்' குழுவின் ஜானி மார். இரண்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது: 2022இல் ஒன்று, 2024இல் ஒன்று. 22 வயதில் இரண்டு ஆஸ்கர் வாங்கிய வேறு யாரும் இல்லை.

பாண்ட் பாட்டில் ஒரு சுவாரசியம் உண்டு. ஷெர்லி பாஸி 'கோல்டுஃபிங்கர்' பாடிய 1964 முதல், பாண்ட் பாட்டென்றால் பித்தளைக் கருவிகள் முழங்கப் பாடகர் மார்பு விம்மப் பாட வேண்டும் என்று ஒரு மரபு. பில்லி பாட்டின் பெரும்பகுதியைப் பியானோவோடு தணிந்த குரலில் கடத்திவிட்டு, முடிவுக்குச் சற்று முன்பு ஒரே ஒரு இடத்தில் மட்டும் குரலை முழுதாக உயர்த்துகிறார். அந்த ஒற்றை இடத்துக்காகவே முந்தைய மூன்று நிமிடமும் காத்திருக்கிறது.

2021 ஜூலையில் வந்த இரண்டாவது ஆல்பம் 'ஹேப்பியர் தன் எவர்' பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். 16 பாட்டு, 56 நிமிடம். இது நீளம் அதிகம். நடுவில் ஒரே வேகத்தில், ஒரே நிறத்தில் மூன்று நான்கு பாட்டு தொடர்ந்து வரும்போது அலுப்புத் தட்டுகிறது. கத்தரி போட்டிருக்கலாம். ஜூலி லண்டன் போன்ற 1950களின் பாடகிகளை மனத்தில் வைத்துச் செய்த ஆல்பம் அது. 'பில்லி போசா நோவா' என்று ஒரு பாட்டுக்குப் பெயரே வைத்திருக்கிறார். தலைப்புப் பாட்டு மட்டும் தனி உயரத்தில் நிற்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வருவதுபோல் மெல்லிய கிதாரோடு இனிமையாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டு, பாதியில் தொலைபேசிக் குரலாகச் சுருங்கி, அங்கிருந்து கிதார் கதற, ஒலிப்பெருக்கி பிய்ந்துவிடும்போல் வெடிக்கிறது. காதலனை நோக்கிய வசவு. முன்பாதியில் காட்டிய மரியாதை அத்தனையும் பின்பாதியில் காற்றில் பறக்கிறது. அடக்கமும் வெடிப்பும் ஒரே பாட்டுக்குள் இருப்பதால், பில்லியின் எல்லா ஆல்பங்களிலிருந்தும் ஒரே பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அநேகமாக இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அதே ஆல்பத்தில் 'கோல்டுவிங்' என்று ஒரு சிறிய பாட்டு. அதன் தொடக்கத்தில் தேவாலயப் பாடகர் குழுபோல் பில்லியின் குரல் பல அடுக்குகளில் ஒலிக்கிறது. இந்திய வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் அது. பில்லி எழுதிய வரிகள் அல்ல அவை. ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், ரிக் வேதப் பாடல்களைத் தாமே ஆங்கிலமாக்கிச் சேர்ந்திசையாக அமைத்த தொகுப்பிலிருந்து எடுத்தவை. அதற்காகவே சமஸ்கிருதம் படித்தவர் ஹோல்ஸ்ட். லாஸ் ஏஞ்சலஸ் சிறார் பாடகர் குழுவில் எட்டு வயதிலிருந்து பயிற்சி பெற்ற பில்லி, சிறுவயதில் அங்கே பாடிய அந்தப் பகுதியைப் பல ஆண்டு கழித்துத் தன் பாப் ஆல்பத்தில் கொண்டுவந்து வைத்தார். 'பாட்டுப் பயிற்சி இல்லாதவர்' என்ற முதல் சந்தேகத்துக்கும் இதுவே பதில். சுருதி பிசகாமல் பலர் குரலோடு தன் குரலைக் கலந்து பாடப் பழகியவர் அவர். பின்னாளில் தன் குரலையே பத்து இருபது முறை பதிவு செய்து அடுக்கும் உத்திக்கு அந்தப் பயிற்சி பெரிய உதவி.

இனி அந்தக் கிசுகிசுப்புக்கு வரலாம்.

மைக் இல்லாத காலத்துப் பாடகருக்குக் கடைசி வரிசைதான் எஜமான். நம் நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்ச சுருதிக்கும், ஐரோப்பிய ஆபராப் பாடகரின் கணீர்க் குரலுக்கும் காரணம் ஒன்றே. 1920களில் மின்சார மைக் வந்ததும் அமெரிக்காவில் ரூடி வேலி, பிங் கிராஸ்பி போன்றவர்கள் அதன் அருகே போய், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடத் தொடங்கினார்கள். 'க்ரூனர்கள்' என்று பெயர் வாங்கிய இவர்களுக்கு வசவும் சேர்ந்தே கிடைத்தது. ஆண்மையற்ற, கேடுகெட்ட பாட்டு என்று 1932இல் அவர்களைச் சாடியவர்களில் பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்கக் கர்தினால் ஒருவரும் உண்டு. அவர் பெயர் வில்லியம் ஓ'கானல். பில்லியின் முழுப் பெயர் பில்லி ஐலிஷ் பைரேட் பேர்டு ஓ'கானல். உறவு ஒன்றும் இல்லை, சும்மா ஒரு வேடிக்கை.

கிசுகிசுத்துப் பாடுவது புதிதும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல என்பதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. பிரேசிலின் ஜோவாவோ ஜில்பர்ட்டோ 1958 முதல் அப்படித்தான் பாடினார், போசா நோவா என்ற இசைவகையே அதிலிருந்து வளர்ந்தது. பில்லி புதிதாகச் சேர்த்தது என்னவென்றால், ஹெட்போனையும் இயர்போனையும் மனத்தில் வைத்துப் பாடியது. 2019 மார்ச் 29 அன்று, 17 வயதில் வெளியிட்ட முதல் ஆல்பம் 'வென் வி ஆல் ஃபால் அஸ்லீப், வேர் டூ வி கோ?' அப்படிக் கேட்பதற்கானது. கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டால் அதில் பாதி காணாமல் போய்விடும்.

அந்த ஆல்பம் பதிவான இடம் பற்றி உலகம் முழுக்கப் பேசியாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸின் ஹைலேண்ட் பார்க் பகுதியில் இரண்டே படுக்கையறை கொண்ட சிறிய வீடு. பெற்றோர் மேகி பேர்டும் பாட்ரிக் ஓ'கானலும் நடிகர்கள். பெரிய வேடங்கள் கிடைத்தவர்கள் அல்ல, வருமானத்துக்கு வேறு வேலைகளும் பார்த்தவர்கள். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார்கள். ஃபினியஸின் படுக்கையறையில் ஒரு கணினி, சாதாரண ஸ்பீக்கர்கள், ஒரு மைக், ஒரு கட்டில். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பில்லி பாடினார். இதைக் கேட்டுவிட்டு 'யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து செய்துவிடலாம்' என்று முடிவு கட்டுவது தவறு. கருவிகள் எளியவை, செய்த வேலை எளியதல்ல. ஒரு வரியை எத்தனையோ தடவை பாடி, அவற்றிலிருந்து சொல் சொல்லாக, சில இடங்களில் அசை அசையாகப் பொறுக்கி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூச்சு இழுக்கும் ஒலியை நீக்குவதா வைப்பதா என்பதும் அங்கே ஒரு முடிவு.

சத்தங்களை அண்ணனும் தங்கையும் சேகரித்த விதம் இன்னும் ரசமானது. பல் மருத்துவர் தன் பல்லில் கருவியை வைத்து ராவும்போது பில்லி கைப்பேசியில் அதைப் பதிவு செய்தார். அது 'பரி எ ஃபிரெண்ட்' பாட்டில் இருக்கிறது. கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் பூதத்தின் பார்வையில் எழுதிய பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சத்தம் கிடைக்காது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் சாலையைக் கடக்க விளக்கு விழும்போது டக்டக்டக்கென்று ஒலிக்கும் சிக்னலைப் பதிவு செய்தார்கள். அது 'பேட் கை' தாளத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆல்பத்தின் முதல் பதினைந்து விநாடி பாட்டே இல்லை: பல்லை நேராக்கப் போட்டிருந்த உறையைச் சப்பென்று கழற்றி, அண்ணனும் தங்கையும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். கறுப்புக் கண்ணீர், வாயிலிருந்து வெளிவரும் சிலந்தி என்று வீடியோக்களில் காட்டிய பயங்கரமெல்லாம் ஒரு பங்கு விளையாட்டு என்று அந்தச் சிரிப்பு முதலிலேயே காட்டிக்கொடுக்கிறது. அந்தப் படங்கள் ஆல்பத்துக்கு விளம்பரம் தேடித் தந்தன, கூடவே 'சோகமான பதின்வயதுப் பெண்' என்ற முத்திரையையும் குத்திவிட்டன. இசையைக் கேட்டவர்கள் அவ்வளவு சீக்கிரம் அந்த முத்திரையைக் குத்தியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது ஆல்பத்திலிருந்து நடந்து வந்தவருக்கு இப்போது 'பேட் கை' வேறு பாட்டாகக் கேட்கும். பல்லவி வர வேண்டிய இடத்தில் பல்லவியே இல்லை என்பது தெரியும். பாட்டு ஏறிக்கொண்டே வந்து, உச்சியில் குரல் நின்றுவிடுகிறது. ஒரு அலட்சியமான சொல்லை உதிர்த்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள, மகுடிபோல் நெளியும் கீபோர்டு மெட்டு பல்லவியின் வேலையைப் பார்க்கிறது. முடிவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வேகமே பாதியாகி, பாட்டு கனத்துப்போகிறது. மூன்றே கால் நிமிடத்துக்குள் இவ்வளவு. உச்சத்தில் கத்த முடிந்த பெண் ஒருத்தி கத்தாமல் சிரிக்கிறாள் என்பது முன்பே தெரிந்திருந்தால்தான் இந்தக் குறும்பு உறைக்கும்.

'ஸானி'யும் அப்படியே. விருந்தில் நண்பர்கள் எல்லோரும் போதையில் மிதக்க, எதையும் தொடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்ணின் பாட்டு. பழைய ஜாஸ் பாட்டுபோல் தொடங்கும். பல்லவியில் பேஸ் ஒலி குரலையும் சேர்த்து அதிரவைத்து நசுக்கும். பிறர் விடும் சிகரெட் புகை முகத்தில் அடிப்பதை ஒலியால் காட்ட நினைத்தோம் என்று அண்ணனும் தங்கையும் விளக்கினார்கள். ஸ்பீக்கர் கெட்டுப்போனதாக நினைத்து மாற்றப் போகிறவர்களும் உண்டு.

இந்த ஆல்பம் 2020 ஜனவரியில் கிராமி விருதுகளை அள்ளியது. சிறந்த ஆல்பம், சிறந்த பதிவு, சிறந்த பாடல், சிறந்த புதுமுகம் என்ற நான்கு பெரிய விருதுகளையும் ஒரே இரவில் வாங்கியவர், 1981இல் கிறிஸ்டோபர் கிராஸுக்குப் பிறகு பில்லிதான். பெண்களில் அவரே முதல்வர். அதற்கு முன் 2003இல் நோரா ஜோன்ஸ், ரவிசங்கரின் மகள், மிக அருகில் வந்தார். ஆல்பம், பதிவு, புதுமுகம் மூன்றும் அவருக்குக் கிடைத்தன. 'சிறந்த பாடல்' விருது பாட்டை எழுதியவருக்கு உரியது என்பதால், 'டோன்ட் நோ வை' பாட்டை எழுதிய ஜெஸ்ஸி ஹாரிஸுக்குப் போனது. பாட்டு எழுத ஒருவர், மெட்டுப் போட ஒருவர், பாட ஒருவர் என்று பழகிய நமக்கு இந்த விருதுக் கணக்கு சற்றுக் குழப்பலாம். பாடுபவரே எழுதும் மரபில் அது மிகப் பெரிய வேறுபாடு.

ஆனால் பில்லியைத் தனியொருவராகப் பேசுவதும் முழு உண்மை ஆகாது. ஃபினியஸ் அவரைவிட நான்கு வயது மூத்தவர். எழுதுவதில் பாதி அவருடையது, இசையமைப்பும் தயாரிப்பும் அவருடையவை. ரிச்சர்டு, கேரன் கார்ப்பென்டர் என்ற அண்ணன் தங்கை ஜோடியை 1970களின் ரசிகர்களுக்கு நினைவிருக்கும். ஈழத்துப் பெற்றோருக்கு சுவிட்சர்லாந்தில் பிறந்த பிரியா ராகுவும் தன் அண்ணன் ஜாஃப்னா கோல்டோடு சேர்ந்துதான் பாட்டு செய்கிறார். கூடப் பிறந்தவரிடம் முகதாட்சண்யம் தேவையில்லை. 2021இல் வந்த 'தி வேர்ல்ட்ஸ் எ லிட்டில் பிளரி' ஆவணப்படத்தில் ஃபினியஸ் எல்லோரும் பாடும் ஒரு வெற்றிப்பாட்டு வேண்டும் என்று நச்சரிப்பதும், பில்லி எரிந்து விழுவதும் அப்படியே பதிவாகியிருக்கின்றன. ஆர்.ஜே. கட்லர் எடுத்த அந்தப் படம் கொஞ்சம் நீளம். ஆனால் ஆல்பம் ஒன்று உருவாவதைப் பார்க்க விரும்புகிறவர் தவறவிடக் கூடாது.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. இவ்வளவு இருட்டான பாட்டுகளைப் பிள்ளைகள் கேட்கலாமா? முதல் ஆல்பத்தின் கடைசிப் பகுதியில் தற்கொலை எண்ணத்தைத் தொடும் பாட்டு இருக்கிறது. 2019 நவம்பரில் வந்த 'எவ்ரிதிங் ஐ வான்டட்' பாட்டும் அப்படி ஒரு கனவிலிருந்து பிறந்ததே. அதை எழுதத் தொடங்கியபோது ஃபினியஸ் பாதியில் நிறுத்திவிட்டார், தங்கையின் மனநிலை அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு அது அண்ணன் தங்கைப் பாசத்தைப் பற்றிய பாட்டாக மாறி வெளிவந்தது. பிள்ளையின் இயர்போனைப் பிடுங்கி வைப்பதால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. மற்றொரு இயர்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு கூடவே கேட்கும் அப்பா அம்மாவுக்கு, பேச்சைத் தொடங்க ஒரு வழியாவது கிடைக்கும். ஆங்கில வரிகள் முதல் தடவை பிடிபடாது. அவர் சொற்களை மெல்லும் விதம் அப்படி. இரண்டாம் தடவை வரிகளைத் திரையில் வைத்துக்கொள்வது நல்லது.

குறையே இல்லாதவர் என்றும் சொல்ல வேண்டியதில்லை. 2024 மார்ச்சில், ஒரே ஆல்பத்தைப் பல வண்ண இசைத்தட்டுகளாக அச்சிட்டு ரசிகர்களை வாங்கவைக்கும் போக்கு வீண் என்று பேட்டியில் சாடினார். இரண்டு மாதம் கழித்து வந்த அவருடைய ஆல்பமும் பல வண்ணத் தட்டுகளில்தான் விற்பனைக்கு வந்தது. மறுசுழற்சி செய்த பொருளில் அச்சிட்டதாகச் சமாதானம் சொல்லப்பட்டது. சமாதானம் முழுதாக ஒட்டவில்லை.

பின்னோக்கிய நடையில் கடைசியாக நிற்பது 'ஓஷன் ஐஸ்'. 2015இல் பில்லி படித்த நடன வகுப்பு ஆசிரியர், ஆட்டம் அமைக்க ஒரு பாட்டு கேட்டார். ஃபினியஸ் தன் இசைக்குழுவுக்காக எழுதி வைத்திருந்த பாட்டு ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தார். வீட்டில் பதிவு செய்து, ஆசிரியர் இறக்கிக்கொள்ள வசதியாக நவம்பர் மாதம் சவுண்ட்கிளவுடில் ஏற்றிவிட்டார்கள். சில நாளில் அது ஆயிரக்கணக்கானோரிடம் போய்ச் சேர்ந்தது. பில்லிக்கு அப்போது 14 வயது நிரம்ப ஒரு மாதம் இருந்தது. கொஞ்ச நாளில் இடுப்பெலும்பின் வளர்தட்டில் அடிபட்டு நடனம் நின்றுபோனது. பாட்டு மட்டும் மிஞ்சியது. வளராத குரல்தான், ஆனால் அடுக்கடுக்காகக் குரல்களைப் போர்த்தும் பழக்கமும், சொல்லின் நுனியை மூச்சில் கரைக்கும் பழக்கமும் அதிலேயே இருக்கின்றன.

சுயமாக எழுதிப் பாடுகிறவர் என்று பெயரெடுத்தவரை உலகுக்கு அறிமுகம் செய்த பாட்டில் அவர் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. அவரே எழுதியதைக் கேட்க வேண்டுமென்றால் இன்னும் ஓர் அடி பின்னால் போகலாம். தாய் மேகி பேர்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதக் கற்றுக்கொடுத்த வகுப்பில், பதினோரு பன்னிரண்டு வயதில், 'தி வாக்கிங் டெட்' என்ற செத்த மனிதர்கள் நடமாடும் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு எழுதிய 'ஃபிங்கர்ஸ் கிராஸ்டு'. பெரிய பாட்டு என்று சொல்ல முடியாது. உலகம் அழிந்துபோன பிறகும் காதலைப் பற்றிக் கவலைப்படும் சிறுமி ஒருத்தி அதில் இருக்கிறாள்.